கொடிக்காலுக்கு எது நிழல்: அகத்தியா, நிழல்வலையா?

மதுரைக்கு வடமேற்கே, வைகைக் கரையோரம் இருக்கும் சோழவந்தான் பகுதியில் வெற்றிலை பயிரிடுகிறவர்களுக்கு வெயிலும் பனியும் சம அளவில் தொல்லை கொடுக்கின்றன. சித்திரையில் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொடும் நாள்களில் கொழுந்து கருகுகிறது. கார்த்திகை தொடங்கித் தை வரையில் ஈரமும் குளிரும் சேர்ந்து கொடியின் அடித்தண்டை அழுக வைக்கின்றன. இந்த வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வெளியூர்க்காரர்கள் மணத்தையும் காரத்தையும் பற்றி விசாரிக்கிறார்கள். கொடிக்கால் என்னும் வெற்றிலைத் தோட்டத்துக்குள் நடக்கும் பேச்சோ பெரும்பாலும் நிழலைப் பற்றியது. அகத்தி நட்டு அதன் அடியில் கொடியை வளர்ப்பதா, பச்சை நிழல்வலையை இழுத்துக் கட்டுவதா என்ற கேள்விக்கு எங்கள் தோட்டத்தில் இரண்டையும் வைத்துப் பார்த்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிட வேண்டும். வலை வெறும் கூரை. அகத்தி கூரையாகவும் கொடி ஏறும் காலாகவும் இருக்கிறது. கொடி நடுவதற்கு ஏறத்தாழ 45 நாள்களுக்கு முன்பே அகத்தி விதையை ஊன்றி, மரம் நான்கு மீட்டர் உயரம் வந்ததும் நுனியை ஒடித்து, 15 அல்லது 20 நாளுக்கு ஒருமுறை வாழை நாரால் கொடியைத் தளர்வாகச் சேர்த்துக் கட்டிக்கொண்டே போக வேண்டும். வலைக்கு மாறுகிறவர் அகத்தியை அடியோடு விட்டுவிட்டால் கொடிக்கு வேறு கம்பமோ மூங்கிலோ நட்டாக வேண்டும் என்பதால், கடைக்காரர் சொல்லும் வலையின் விலையோடு அந்தச் செலவையும் கூட்டித்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

கோடையை மட்டும் வைத்துப் பேசினால் வலையின் பக்கம் நியாயம் உண்டு. அது தண்ணீர் குடிப்பதில்லை. கிணற்றில் ஊற்று குறைந்து மோட்டார் அரை மணி நேரத்தில் காற்றை இழுக்கத் தொடங்கும் சித்திரை மாதத்தில், பாய்ச்சுகிற நீரில் அகத்தியும் பங்கு கேட்கிறது என்பது கண்கூடு. ஆனால் வலையை எப்படிக் கட்டுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நாங்கள் முதல் முறை ஏழடி உயரத்தில் கட்டினோம். அதுவும் வெயிலில் பாதியை மறைக்கும் 50 சதவீத வலை போதாது என்று ஒரு கடையில் சொன்னதை நம்பி 75 சதவீத வலையை வாங்கினோம். நண்பகலில் உள்ளே போனால் காற்று அசையாமல் புழுங்கியது. வலையை ஒட்டி இருந்த மேல் இலைகளின் விளிம்பு பழுப்பாகச் சுருண்டிருக்க, கீழ் இலைகள் வெளிச்சம் போதாமல் கரும்பச்சையாக மெலிந்து போயின. கவுளி என்னும் வெற்றிலைக் கட்டைப் பிரிக்கும்போது வியாபாரி ஒரு இலையை விரலால் மடித்துப் பார்த்துவிட்டு விலையைக் குறைத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. அகத்தியின் சிற்றிலைகள் வழியே வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்து நகர்ந்துகொண்டே இருக்கும். காற்றும் தடையில்லாமல் ஊடே போய்வரும். அந்த நிழலின் குளிர்ச்சி வலைக்கு வருவதில்லை.

பனிக்காலத்தில் வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. ஐப்பசி மழையில் வலையை அவிழ்க்காமல் விட்ட அந்த ஆண்டு, மார்கழியில் பத்து மணிக்கும் இலை நனைந்தே இருந்தது. இரண்டு பாத்திகளில் கொடிகள் பளபளப்பு இழந்து தொங்க, ஒன்றைப் பிடித்து இழுத்தபோது தண்டின் அடிப்பகுதி கருத்து, தோல் கையோடு வழன்று வந்தது. அழுகல் நாற்றம் வேறு. ஃபைட்டோப்தோரா என்னும் பூசணத்தால் வரும் வாடல் நோய் அது. ஈரமும் குளிரும் நீடித்தால் பாத்தி நீர் வழியாகவே அடுத்த கொடிக்குப் போய்விடும். அகத்தி உள்ள கொடிக்காலில் புரட்டாசி முடிவதற்குள் கிளைகளைக் கழித்துவிட்டால் காலை வெயில் தரை வரைக்கும் இறங்கி இலையை உலர்த்திவிடுகிறது. இதனால் நோய் அறவே வராது என்று சொல்ல மாட்டேன். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்த போர்டோக் கலவையை 0.25 சதவீத அளவில் அக்டோபர் முதல் ஜனவரி வரை மாதம் ஒருமுறை வேரடியில் ஊற்றுவதும், பாசனத்தைக் குறைப்பதும் அகத்தி, வலை இரண்டுக்கும் பொதுவான வேலைகள்தான்.

அகத்தியின் குறைகளையும் மறைக்கக் கூடாது. ஆடிக்காற்றில் சாய்கிறது; அதற்காகவே மேற்கு ஓரத்தில் வாழை வரிசை வைக்கிறோம். சில ஆண்டுகளில் மரம் நைந்துபோவதால் இடையிடையே மறுபடி விதை ஊன்ற வேண்டியிருக்கிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், ஏணி வைத்து ஏறிக் கொடியில் வெட்டு விழாமல் கிளை கழிக்கத் தெரிந்த ஆள் கிடைப்பது. வரவு என்று பார்த்தால், அதன் வேர் முடிச்சுகள் மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கின்றன. கழித்த தழை ஆட்டுக்குப் போகிறது. அமாவாசைக்கு முந்திய நாள் கழித்தால், பசுவுக்குக் கொடுக்கிறவர்களை நம்பி மதுரையில் கீரைக் கட்டு விற்கிறவர்கள் தோட்டத்துக்கே வந்து எடுத்துக்கொள்கிறார்கள். தென்னந்தோப்பு நிழலில் கொடி வைப்பதைப் பற்றியும் சிலர் கேட்கிறார்கள். வேண்டும்போது கூட்டவும் குறைக்கவும் முடியாத நிழல் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

அதற்காக வாங்கிய வலையைத் தூக்கி எறிந்துவிடவில்லை. மூன்று மீட்டர் ஏறிய கொடியின் வீரியம் குறைந்துவிடும் என்பதால், மார்ச், ஏப்ரல் மாதங்களில் கொடியைச் சுருட்டி அடியில் இறக்கிக் கட்டுகிறோம். வளைந்த கணுக்களிலிருந்து புதுத் தளிர் கிளம்புகிற நேரமும் வெயில் உச்சத்துக்கு ஏறுகிற நேரமும் ஒன்றாகவே வந்து சேர்வது இந்தப் பயிரின் தலையெழுத்து. இறக்கிய பாத்திக்கு மேற்கே மட்டும் வலையைத் தட்டி போல நிறுத்திவைத்தால், அகத்தியின் தலைநிழல் எட்டாத பிற்பகல் சாய்வெயில் தளிரின் மேல் விழுவதில்லை. தளிர் பிடித்ததும் அதே வலையை அடுத்த பாத்திக்கு நகர்த்திவிடுகிறோம். ஏக்கர் முழுவதற்கும் கூரை போடும் செலவோடு ஒப்பிட்டால் இதற்குத் தேவைப்படுவது சில சுருள் வலையும் பத்துப் பன்னிரண்டு மூங்கிலும் மட்டுமே. முதல் மழை விழுந்ததும் வலையைக் கழற்றி உலர்த்தி மோட்டார் அறையில் வைத்துவிட வேண்டும். போன முறை போல மறந்துவிட்டால் மார்கழியில் தெரியும்.