மறையூர் மலையில் ஒரு ‘வால்மீன் இரவு’: 900 ரூபாய்க்குக் கிடைத்தது என்ன?

மறையூரிலிருந்து காந்தளூர் ஏறும் வழியில், கரும்புத் தோட்டங்களை ஒட்டியிருக்கும் ஒரு சிறிய விடுதியில் 2023 டிசம்பர் 14 அன்று ‘வால்மீன் இரவு’ என்ற பெயரில் ஜெமினிட் எரிகல் பொழிவு பார்க்கும் நிகழ்ச்சி நடந்தது. ஒருவருக்கு 900 ரூபாய். இரவுச் சாப்பாடு, பாய், போர்வை, சுக்குக் காப்பி, வழிகாட்டி எல்லாம் அதில் அடக்கம். மூணாற்றிலிருந்து அம்மாவையும் அழைத்துக்கொண்டு போயிருந்தேன்.

இடத்தேர்வைக் குறை சொல்ல முடியாது. ஆகஸ்டில் வரும் பெர்சீட் பொழிவை எங்கள் பக்கத்துக் கர்க்கடக மழை விழுங்கிவிடும். மறையூரோ மழை மறைவுப் பகுதி, அதிலும் அமாவாசை கழிந்து இரண்டே நாள் ஆகியிருந்ததால் பிறை நேரத்தோடு மறைந்து, வானம் கருத்துக் கிடந்தது.

இந்த நிகழ்ச்சியின் உயிர் அதன் வழிகாட்டி. தமிழிலும் மலையாளத்திலும் மாறிமாறிப் பேசிய அந்த இளைஞர், கரும்பு லாரி போன சாலையில் சோகை சிந்திக் கிடப்பதைக் கொண்டு எல்லாவற்றையும் விளங்க வைத்தார். வால்மீன் சூரியனை நெருங்கும்போது அதன் பனி ஆவியாகி, உள்ளே சிக்கியிருந்த தூசையும் மணலையும் தள்ளிக்கொண்டு வெளியேறுகிறது. மிக நுண்ணிய தூசைச் சூரிய ஒளியின் அழுத்தம் வாலாக நீட்டிவிட, சற்றுப் பெரிய மணிகள் வால்மீனை ஒத்த வேகத்திலேயே ஓடுவதால் அதன் பாதையை விட்டு அகலாமல், சிறுகச் சிறுக முன்னும் பின்னும் பரவி, காலப்போக்கில் பாதை முழுவதையும் நிரப்பிவிடுகின்றன. லாரி எங்கோ போய்விட்டாலும் சோகை கிடக்கும் சாலையைப் பூமி ஆண்டுதோறும் ஏறக்குறைய அதே நாளில் குறுக்கே கடக்கிறது. பெர்சீட் தூசைச் சிந்திய ஸ்விஃப்ட்-டட்டில் வால்மீன் சுமார் 133 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும், கடைசியாக வந்தது 1992-இல், ஆனாலும் ஒவ்வோர் ஆகஸ்டிலும் எரிகற்கள் விழுவது இதனால்தான்.

1986-இல் என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு ஹாலி வால்மீனைத் தேடிப் பார்த்தும் கண்ணில் படாமல் போனதை அம்மா சொன்னார். அது இனி 2061-இல்தான் திரும்பும் என்றும், அது உதிர்த்த தூசு மட்டும் மே மாதத் தொடக்கத்திலும் அக்டோபரிலும் நம் வானத்தில் எரிகிறது என்றும் வழிகாட்டி சொன்னபோது, “அப்ப வருசா வருசம் அதோட தூளாவது வருதுல்ல தம்பி?” என்று அம்மா கேட்டார். “ஆமாங்கம்மா” என்று சொல்லி, அம்மாவின் உள்ளங்கையில் ஒரு கடுகையும் ஒரு பாசிப்பயறையும் வைத்து, நாம் பார்க்கும் எரிகற்களில் பெரும்பாலானவை இந்த அளவுதான் என்றார் அவர். அன்றைய மணிகள் காற்றுமண்டலத்துக்குள் நுழைந்த வேகம் நொடிக்குச் சுமார் 35 கிலோமீட்டர். மூணாறு–மறையூர் பேருந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொள்ளும் தூரம், அந்தக் கடுகுக்கு ஒரு நொடியும் சற்றும்தான்.

‘வால்மீன் இரவு’ என்ற பெயர் மட்டும் பொருந்தவில்லை. டிசம்பரில் வரும் ஜெமினிட் பொழிவுக்குத் தாய் 1983-இல் கண்டுபிடிக்கப்பட்ட ஃபேத்தான். சூரியனை 524 நாளில் ஒருமுறை சுற்றி, புதனின் பாதைக்கும் உள்ளே புகுந்து வரும் அது, சிறுகோளாகவே வகைப்படுத்தப்பட்டது. இதை வழிகாட்டியே எடுத்துச் சொன்னார்; விளம்பரம் எழுதியவர் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மணிக்கு 150 எரிகல் என்று அதில் அச்சிட்டதும் தவறு. எரிகற்கள் புறப்படுவதுபோலத் தோன்றும் புள்ளி நேர் உச்சியில் நிற்க, வானம் மாசின்றித் திறந்திருந்தால் வரும் கணக்கு அது. நள்ளிரவு ஒரு மணிக்கும் இரண்டுக்கும் இடையில் நான் எண்ணியது 58. புனர்பூச நட்சத்திரங்களின் பக்கத்திலிருந்து புறப்பட்ட ஒன்று, பச்சை கலந்த வெள்ளையாக மரங்களின் நுனிவரை இறங்கியபோது, அம்மா வழக்கம்போலப் பச்சை மரத்தைப் பார்க்கச் சொன்னார்; இருட்டில் மரம் எங்கே பச்சையாகத் தெரிகிறது!

பெரிய குறை விளக்கு. இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரமாவது வேண்டும். பதினொன்றரை மணிக்குச் சமையலறைப் பக்கத்து ஃப்ளட்லைட்டை யாரோ போட்டுவிட, அத்தனை பேரும் முதலிலிருந்து காத்திருக்க நேர்ந்தது. பாத்திரம் கழுவுகிறவர்களுக்கு வெளிச்சம் வேண்டாமா என்றார் உரிமையாளர். வேண்டும்தான், ஆனால் அதைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருக்கலாம். தொலைநோக்கிக்குத் தனியாக 200 ரூபாய் வாங்கினார்கள். எரிகல் பார்க்க அது உதவாது, வானத்தை அகலமாகப் பார்க்கும் வெறுங்கண்தான் வேண்டும்.

சாப்பாடு சுமார், காப்பிக்கு மறையூர் வெல்லம். போகிறவர்கள் நிலா மறையும் நேரத்தைப் பார்த்துவிட்டு முன்பதிவு செய்யுங்கள். கம்பளி ஒன்று கையோடு கொண்டுபோங்கள், அவர்கள் தரும் போர்வை விடியற்காலைப் பனிக்குத் தாங்காது.