முதல் சன்ஃபிஷ்: புளூஸ்பாட்டடா, பிக்மியா, பிளாக்பேண்டடா?

அமெரிக்காவின் கிழக்குக் கரையோரச் சதுப்புகளில் வாழும் சன்ஃபிஷ் என்ற சின்ன நன்னீர் மீன்களைத் தொட்டியில் வளர்க்க விரும்புபவர்கள் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்தே தேர்ந்தெடுக்கிறார்கள். நிறத்தைவிடத் தீனியைத்தான் முதலில் யோசிக்க வேண்டும் என்பேன்.

எவர்கிளேட்ஸ் பிக்மிக்கு 3 சென்டிமீட்டர் நீளம்கூட முழு வளர்ச்சிதான். பெயரில் சன்ஃபிஷ் இருந்தாலும் தனிக் குடும்பம், எலாசோமாட்டிடே. 10 கேலன் தொட்டியில் பாசியும் ஹார்ன்வொர்ட் என்ற நீர்ச்செடியும் அடர்ந்திருந்தால் ஒரு சிறு கூட்டமே வாழும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் மீன் கரேலென்று மாறி, நீலப் பொட்டுகள் மின்ன, செடிகளுக்கு நடுவே துடுப்பை விரித்து ஆடும். இத்தனை சின்ன மீனிடம் இப்படியொரு அழகா என்று நான் இன்னும் வியக்கிறேன். ஆனால் உலர்தீனியைப் பெரும்பாலும் சீண்டாது. உயிர்த்தீனியாக ஆர்ட்டீமியா என்ற உப்புநீர்ச் சிற்றிறால் குஞ்சு பொரிக்கவோ, டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளு வளர்க்கவோ நேரமில்லாதவர்கள் இதை வாங்கவே வேண்டாம். ஆயுளும் குறைவு, ஓராண்டு, மிஞ்சினால் இரண்டு.

புளூஸ்பாட்டட் 7, 8 சென்டிமீட்டர் வரை வளரும். உறைந்த ரத்தப்புழுவைப் பழகிவிடும். அந்த ஒன்றே அன்றாட வேலையைப் பாதியாக்குகிறது. 20 கேலன் தொட்டி, மெல்லிய நீரோட்டம், நிறையச் செடி போதும். விளக்கைக் கொஞ்சம் மங்கலாக்கி, அடியில் கறுப்பு மணல் போட்டால் உடம்பெங்கும் நீலப் புள்ளிகள் எழுந்து தெரியும். முதல்முறை வளர்ப்பவருக்கு என் பரிந்துரை இதுதான். பிக்மியோடு மட்டும் சேர்த்துவிடாதீர்கள், விழுங்கிவிடும்.

டாலர் சன்ஃபிஷ் என்ற இன்னொரு வகை நிறத்தில் இவற்றை மிஞ்சும். ஆனால் முட்டையிடும் காலத்தில் மணலில் குழி பறித்து மற்ற மீன்களைத் துரத்தியடிக்கும். பெரிய தொட்டி இருந்தால் மட்டுமே சரிப்படும்.

இந்த மீன்கள் எதற்கும் ஹீட்டர் வேண்டாம். குளிர்காலத்தில் நீர் நன்றாகக் குளிர்ந்தால்தான் வசந்தத்தில் ஜோடி சேரும். ஆண்டு முழுக்க வெப்பத்தில் வைத்தால் இளைத்துப்போகும்.

கருப்புப் பட்டைகளுடைய பிளாக்பேண்டட்தான் தலைப்பிலுள்ள மூன்றிலும் எனக்குப் பிரியமானது. நியூ ஜெர்சியின் பைன் பேரன்ஸ் என்ற பைன் காட்டுப் பகதியின் தேநீர் நிற அமில நீரில் வாழ்வது. கடினநீர்க் குழாய் உள்ள வீடுகளில் தாக்குப்பிடிப்பது சிரமம். வர்ஜீனியாவிலும் ஜார்ஜியாவிலும் அழிநிலை இனமாக அறிவிக்கப்பட்டிருப்பதால் அங்கே பிடிக்கவே கூடாது. மற்ற மாநிலங்களிலும் விதிகள் வேறுபடும். ஜெர்மனியில் ஆர்வலர்கள் இதைப் பல தலைமுறையாகத் தொட்டியிலேயே பெருக்கிவருகிறார்கள். அப்படித் தொட்டியில் பிறந்த குஞ்சு கிடைக்கும்வரை காத்திருந்து வாங்குங்கள்.