கழுத்தில் தொடங்கி கிட்னி வரை: கடலூர் - புதுவை ஆஸ்பத்திரி அலைச்சல்

பாரிஸிலிருந்து லீவில் வந்தால் கோயில், கல்யாணம், பீச் என்று ஒரு பட்டியல் இருக்கும். இந்தத் தடவை எல்லாமே அக்காவின் ஆஸ்பத்திரி ஃபைலோடு போனது.

அக்கா வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். சில வருஷம் முன்பு கழுத்தில் கெட்டியாக ஒரு வீக்கம். கேன்சரோ என்று பயந்து பயாப்சி எடுத்ததில் ரீடல் தைராய்டைட்டிஸ் என்று வந்தது. தைராய்டு சுரப்பி தழும்பு மாதிரி நார்த்திசுவாகி இறுகி, பக்கத்துத் தசை, மூச்சுக்குழாய் என்று எல்லாவற்றோடும் ஒட்டிக்கொள்ளும் அபூர்வ நோய். 1896-ல் இதை விவரித்த ஜெர்மன் சர்ஜன் ரீடல், இரும்புபோல் கெட்டி என்றே எழுதினார். மூச்சுக்குழாயை அழுத்திய பகுதியை மட்டும் எடுத்துவிட்டு தைராக்சின் (தைராய்டு ஹார்மோன்) மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். கழுத்தைத் தாண்டி அப்போது யாரும் பேசவில்லை.

இப்போது இடுப்புவலி, கால் வீக்கம். பக்கத்து தனியார் ஆஸ்பத்திரியில் வாயுப்பிடிப்பு என்று வலி ஊசி போட்டே ஓட்டியிருக்கிறார்கள். கிட்னி சரியில்லாதவருக்கு அதுவே கெடுதல். திருப்பாதிரிப்புலியூர் ஸ்கேன் சென்டர் டாக்டரம்மாதான் வயிற்றில் ஜெல்லோடு கையை நிறுத்திவிட்டு, "ரெண்டு கிட்னியும் உப்பியிருக்கு, பழைய ரிப்போர்ட் ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு அவருக்கு ஆயிரம் கும்பிடு போடலாம்.

அதே நார்த்திசு வயிற்றுக்குப் பின்னால் பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிப் படர்ந்து, சிறுநீர்க் குழாய்களை நெரித்திருக்கிறது. ரீடல் நோயாளிகளில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இப்படி வேறு இடத்திலும் வருமாம்: நடுமார்பு, பித்தநாளம், கண்ணுக்குப் பின்புறம்கூட. இதில் பலதை இப்போது ஐஜிஜி4 (ரத்தத்தில் இருக்கும் ஒருவகை எதிர்ப்புப் புரதம்) சம்பந்தப்பட்ட நோயாகவே பார்க்கிறார்கள்.

கிட்னி வேலை குறைந்தால் ரத்தத்தில் கூடும் கழிவான கிரியாட்டினின் ஏறியிருந்ததால், படம் தெளிவாகத் தெரிய மருந்து ஏற்றி சிடி எடுக்க முடியாது என்றார்கள். அரியாங்குப்பம் டிராஃபிக்கில் ஊர்ந்து புதுவை போய் எம்ஆர்ஐ எடுத்தோம். அன்று சாயந்திரமே ரிப்போர்ட் கையில். பாரிஸில் இந்த வேகத்தை நான் பார்த்ததில்லை. ஐஜிஜி4 ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் லேப்காரர்கள் சாம்பிளை வெளியூருக்கு அனுப்பினார்கள். அது நார்மலாக வந்தாலும் நோய் இல்லை என்று ஆகாது என்பதால், பழைய பயாப்சியின் மெழுகு பிளாக்கையும் (திசுத் துண்டை மெழுகில் பதித்து வைத்திருப்பது) மறுபடி ஸ்டெயின் செய்து, அதாவது சாயமேற்றிப் பார்க்கக் கேட்டார் டாக்டர். அதைத் தேடி எடுக்க மாமா பழைய ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தார். பயாப்சி எடுத்தவர்கள் ஸ்லைடையும் பிளாக்கையும் கையோடு கேட்டு வாங்கி வையுங்கள்.

யூராலஜிஸ்ட் இரண்டு பக்கமும் டிஜே ஸ்டென்ட் (நெரிபட்ட சிறுநீர்க் குழாயைத் திறந்து வைக்கும் மெல்லிய குழாய்) வைத்தார். பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு ஆரம்பித்தாயிற்று, கூடவே மார்புப் புற்றுநோய்க்கு வழக்கமாகக் கொடுக்கும் டாமாக்சிஃபென். சீட்டைப் பார்த்த மெடிக்கல் ஷாப் பையன் குரலைத் தாழ்த்தி, "மார்புல கட்டியா அக்கா?" என்றான். அக்காவுக்கு முகம் வெளிறிவிட்டது. அந்த மாத்திரை இந்த நார் இறுக்கத்துக்கும் கொடுப்பார்கள் என்று ஷாப் வாசலிலேயே விளக்க வேண்டியதாயிற்று.

இங்கே தனித்தனியாக ஒவ்வொருவரும் கெட்டிக்காரர்கள். கழுத்து டாக்டரின் சீட்டு கிட்னி டாக்டரிடம் போக வேண்டுமென்றால் மட்டும் நாம்தான் தூக்கிப் போகணும். பிரான்ஸில் குடும்ப டாக்டர் கடிதம் எழுதிவிடுவார்.

ஸ்டென்டைச் சில மாதங்களில் எடுக்கணும், இல்லை மாற்றணும். டிஸ்சார்ஜ் தாளில் தேதி போடவில்லை. திரும்பப் போய் எழுதி வாங்கிக்கொண்டு வந்தோம்.