பென்ஷன் கிரெடிட்டைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் வந்தால்: கட்டுவதா, கணக்குக் கேட்பதா, சொலிசிட்டரிடம் கொடுப்பதா?

அம்மா காலமாகி ஏழு மாதத்தில், புரொபேட் (இறந்தவரின் சொத்தை நிர்வகிக்கக் கிடைக்கும் சட்ட அனுமதி) கைக்கு வந்த கையோடு, அந்தக் கடிதமும் வந்தது. அம்மா, வருமானம் குறைந்த முதியவர்களுக்கு அரசு கொடுக்கும் உதவிப்பணமான பென்ஷன் கிரெடிட் வாங்கியவர். அதனால் அவர் விட்டுச்சென்ற சொத்தின் விவரமும் பழைய வங்கிக் கணக்கு விவரங்களும் வேண்டும் என்று பிரித்தானியாவின் ஓய்வூதியத் துறை கேட்டிருந்தது. கூடுதலாகப் பணம் போயிருந்தால் அதைச் சொத்திலிருந்து திரும்ப எடுப்பார்கள்.

டொரொண்டோவிலிருந்து தம்பி போனில் சொன்னான்: “அக்கா, கேட்டதைக் கட்டிப்போட்டு அலுவலை முடியுங்கோ.” லண்டன் ஹரோவில் இருக்கும் மாமாவோ, “ஒரு சொலிசிட்டரிட்டக் குடு பிள்ளை, உனக்கேன் தலையிடி” என்றார். நான் இரண்டையும் செய்யவில்லை. உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். இங்கிலாந்தில் பெற்றோரை இழந்து இதே நிலையில் நிற்பவர்களுக்காக மூன்று வழிகளையும் அருகருகே வைத்துச் சொல்கிறேன்.

முதலில் இந்தக் கடிதம் ஏன் வருகிறது? பென்ஷன் கிரெடிட் வருமானத்தையும் சேமிப்பையும் பார்த்துக் கொடுக்கிற பணம். முதல் 10,000 பவுண்டு சேமிப்பை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு 500 பவுண்டுக்கும், அதில் ஒரு பகுதி இருந்தாலும், வாரம் 1 பவுண்டு வருமானம் வந்ததாகப் பிடிப்பார்கள். 16,000 பவுண்டு வைத்திருந்த ஒருவருக்கு வாரம் 12 பவுண்டு குறைந்திருக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு 624 பவுண்டு. குடியிருந்த சொந்த வீடு சேமிப்பாகாது. புரொபேட்டில் காட்டிய தொகை, உயிரோடிருக்கையில் சொன்ன தொகையைவிடப் பெரிதாக இருந்தால் கேள்வி வரும். சொத்து விவரம் கேட்க அவர்களுக்கு 1992ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்பு நிர்வாகச் சட்டம் அதிகாரம் கொடுக்கிறது. ஆகவே பதில் போடாமல் இருப்பதை ஒரு வழியாகவே நான் எண்ணவில்லை.

பயப்படுகிறவர்களுக்கு ஒன்று: இந்தக் கடன் பிள்ளைகளின் கடன் அல்ல, சொத்தின் கடன். ஈமச்செலவு முதலில் போகும், கடன்கள் அப்புறம். சொத்தில் பணம் போதாவிட்டால் மீதிக்குப் பிள்ளைகள் தம் கையிலிருந்து கட்ட வேண்டியதில்லை. ஆனால் கடன் இருக்கலாம் என்று தெரிந்தும் உயிலை நிறைவேற்றுகிறவர் பணத்தைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டால், அவர்தான் சொந்தப் பணத்தில் பொறுப்பு. தம்பி கோபித்தாலும் நான் ஒரு சதமும் அனுப்பாமல் இருந்தது இதனால்தான்.

சரி, உடனே கட்டுவது. தொகை சிறிதாக இருந்து, அம்மாவோ அப்பாவோ ஒரு கணக்கைச் சொல்லாமல் விட்டது உங்களுக்கே தெரிந்து, கடிதத்தில் உள்ள எண்களும் பாஸ்புக்கோடு ஒத்துப்போனால், கட்டிவிடுங்கள். நிம்மதி. ஆனால் கூடுதலாகப் போன பணம் எல்லாம் திருப்பிக் கொடுக்க வேண்டிய பணம் அல்ல. பென்ஷன் கிரெடிட்டில் பணத்தைத் திரும்பக் கேட்பதென்றால், வாங்கியவர் ஒன்றைத் தவறாகச் சொல்லியிருக்க வேண்டும், அல்லது சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டிருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லியும் அலுவலகத்தின் பிழையால் கூடுதலாகப் போயிருந்தால் சட்டப்படி அதைத் திரும்பக் கேட்க முடியாது. (வேலை செய்யும் வயதினருக்கான யூனிவர்சல் கிரெடிட்டுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை, அங்கே பிழை யாருடையதானாலும் கேட்பார்கள்.) இதைப் பார்க்காமல் செக் எழுதுகிறவர் சகோதரங்களின் பங்கையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார். அதுதான் இந்த வழியில் எனக்குப் பிடிக்காதது.

இரண்டாவது, கணக்குக் கேட்பது. பெரும்பாலான குடும்பங்களுக்கு இதுதான் சரி என்பது என் முடிவு. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, எந்தக் கணக்கில் எவ்வளவு இருந்ததாக வைத்து, வாரத்துக்கு எவ்வளவு கூடுதலாகப் போனதாகக் கணக்கிட்டார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அது வந்ததும் வீட்டில் இருக்கும் கடதாசிகளோடு ஒப்பிட வேண்டும்.

அம்மா எல்லாக் கடிதங்களையும் ஒரு நீல பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். மின்சாரப் பில், கோயில் ரசீது, ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றுக்கும் அடியில் நாலாக மடித்த ஒரு பென்ஷன் கிரெடிட் கடிதம் இருந்தது. மடிப்பில் எழுத்து தேய்ந்திருந்தாலும் வாசிக்க முடிந்தது. அதில் ஒரு ‘மதிப்பீட்டு வருமானக் காலம்’ குறித்திருந்தார்கள். முந்தைய விதியில், அந்தக் காலம் ஓடும்வரை சேமிப்புக் கூடினாலும் அறிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. சிலருக்கு அது ஐந்து வருடம் வரை. 75 வயது தாண்டிய பலருக்கு முடிவுத் தேதியே இல்லாமல் கொடுத்திருந்தார்கள். 2016 ஏப்ரலிலிருந்து புதிதாகக் கொடுப்பதில்லை. அறிவிக்கத் தேவையில்லாத காலத்தில் அறிவிக்கவில்லை என்று பணம் கேட்க முடியாது. எனவே பெற்றோரின் பழைய கடிதங்களை ரீசைக்கிள் பெட்டியில் போடாதீர்கள். தயவுசெய்து.

அடுத்தது 13 வாரக் கணக்கு. சொல்லாமல் விட்ட சேமிப்பு என்றால், அதே தொகை வருடக்கணக்காக அப்படியே இருந்ததாக வைத்துப் பெருக்கக் கூடாது. கூடுதலாகப் போன பணத்தை ஒவ்வொரு 13 வாரத்துக்கும் ஒருமுறை அந்தச் சேமிப்பிலிருந்து கழித்துக்கொண்டே வர வேண்டும். சரியான பணத்தைக் கொடுத்திருந்தால் அவர் சேமிப்பிலிருந்து எடுத்துத்தானே செலவழித்திருப்பார் என்பது அதன் நியாயம். நீண்ட காலக் கோரிக்கைகளில் இது தொகையை நன்றாகக் குறைக்கும்.

அப்புறம், கணக்கில் இருந்தது யாருடைய பணம்? அம்மா சீட்டுப் பிடித்தவர்; தாச்சி, அதாவது பணத்தைச் சேர்த்து நடத்துபவர், அவர்தான். கணக்கில் 8,000 பவுண்டு ஏறி மூன்று வாரத்தில் வெளியே போயிருக்கும். பார்க்கிறவருக்கு அது அம்மாவின் சேமிப்பு. எங்களுக்கு அது பதினாறு பேரின் பணம். அம்மாவின் கோடு போட்ட கொப்பியில் யார் எந்த மாதம் எடுத்தார் என்று நீல மையில் எழுதியிருந்தது. அந்தப் பக்கங்களைப் போட்டோக்கொப்பி எடுத்து, ஒவ்வொரு வரவுக்கும் எதிரே பக்க எண்ணைக் குறித்து அனுப்பினேன். அதேபோல் கூட்டுக் கணக்கென்றால் பொதுவாகப் பாதிதான் அவருடையது. தாலிக்கொடி, காப்பு போன்ற சொந்தப் பாவனைப் பொருட்களும், முன்கூட்டியே கட்டிய ஈமச்சடங்குத் திட்டமும் சேமிப்பில் சேராது. ஆனால் ஊரில் இருக்கும் காணி சேரும். “அது யாழ்ப்பாணத்தில்தானே கிடக்கு” என்று மறைத்துவிட்டு மற்றதற்கு நியாயம் கேட்கப் போகாதீர்கள்.

முடிவு தவறென்று தோன்றினால் கடிதத் தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். அதிலும் திருப்தி இல்லை என்றால் இன்னொரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்யலாம். அதற்குக் கட்டணம் இல்லை. இந்த வழியின் விலை நேரம்தான். எனக்கு ஐந்து மாதம் போனது. துக்க வீட்டில் அது பெரிய பாரம் என்பதை மறைக்க மாட்டேன்.

இன்னொரு காரணத்துக்காகவும் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். பென்ஷன் கிரெடிட்டின் அடிப்படைப் பகுதி கிடைத்தவர்களுக்கு வீட்டு வாடகை உதவியில் சேமிப்பு வரம்பு இல்லை. அந்தப் பகுதியே கிடைத்திருக்கக் கூடாது என்று முடிவானால் 16,000 பவுண்டு வரம்பு உள்ளே வரும். கவுன்சில் தனியாகக் கடிதம் போட்டு வாடகை உதவியை முழுதாகத் திரும்பக் கேட்கலாம். வாரம் 12 பவுண்டுதானே என்று முதல் கோரிக்கையை ஒப்புக்கொள்வதற்கு முன் இதை யோசியுங்கள்.

மூன்றாவது, சொலிசிட்டர். மோசடி என்ற சொல் கடிதத்தில் வந்தால், சகோதரங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்றால், கடன் சொத்தைவிடப் பெரிதாக இருந்தால், மாமா சொன்னதுதான் சரி, போய்விடுங்கள். நியாயமான செலவு சொத்திலிருந்தே போகும், மேலே 20 வீத வாட் வரியும் சேரும். ஆனால் புரொபேட் செய்கிற எல்லாருக்கும் உதவிப்பணச் சட்டம் தெரியாது. முதல் சந்திப்பிலேயே அந்த 13 வாரக் கணக்கைப் பற்றிக் கேளுங்கள். பதிலில் தடுமாறினால் வேறு ஆளைப் பாருங்கள். சில ஆயிரம் பவுண்டு கோரிக்கைக்கு சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஏஜ் யூகே, உங்கள் பகுதி லோ சென்டர் ஆகியவற்றில் இலவசமாகவே ஆலோசனை கேட்கலாம்.

அரசிதழான கெசட்டில் அறிவித்தல் போட்டு இரண்டு மாதம் பொறுத்துவிட்டால் பங்கிடலாம் என்று சிலர் சொல்வார்கள். அது நமக்குத் தெரியாமல் கடன் கொடுத்தவர்கள் பின்னால் வந்து கேட்பதற்கு எதிரான காப்பு. கடிதம் கையில் இருக்கும்போது அது உங்களைக் காப்பாற்றாது.

எங்களுக்கு வந்த இறுதிக் கோரிக்கை 940 பவுண்டு. மதிப்பீட்டுக் காலம் முடிந்த பிறகு அம்மா ஒரு சேமிப்புக் கணக்கைச் சொல்லாமல் விட்டது உண்மை. அந்தத் தொகையை அவருடைய சொத்துக் கணக்கிலிருந்து கட்டினேன். இனிப் பாக்கி இல்லை என்று எழுத்தில் வந்த அன்று மாலை தம்பியின் பங்கை அனுப்பினேன். அவன் பணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சீட்டுக் கொப்பியைத் தனக்கு அனுப்ப முடியுமா என்று கேட்டான்.