ஈ.சி.ஜி எடுத்தார்கள், ஒருவரும் பார்க்கவில்லை

வன்னியில் இருக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நெஞ்சு படபடக்கிறது என்று தனியார் மெடிக்கல் சென்டருக்குப் போய் ஈ.சி.ஜி எடுத்தால், அந்தத் துண்டை வாங்காமல் வெளியே வராதீர்கள். டைப் பண்ணின ரிப்போர்ட் போதாது. கட்டம் போட்ட அந்தத் தாளையே கேளுங்கள்.

என் சின்னம்மாவுக்கு 52 வயது. மாங்குளத்துக்கு உள்ளே கச்சான் தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டு நின்றவவுக்கு, சுவிச் போட்ட மாதிரி நெஞ்சு அடிக்கத் தொடங்கியிருக்கிறது. தம்பி மோட்டார்சைக்கிளில் ஏற்றி, ஏ9 வீதியோரம் இருக்கிற ஒரு சென்டருக்குக் கொண்டுபோனான். அரசாங்க ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்க வேண்டி வரும் என்ற யோசனை அவனுக்கு.

ஈ.சி.ஜி எடுத்தார்கள். தாளின் மேல் மூலையில் மெஷின் தானாகவே 'சைனஸ் டக்கிகார்டியா' (வழக்கமான துடிப்புத்தான், வேகம் மட்டும் கூட) என்று அடித்திருந்தது. வெள்ளைக் கோட்டோடு வந்தவர் அந்த இரண்டு சொல்லை வாசித்தார், கீழே ஓடின கோட்டைப் பார்க்கவேயில்லை. "பயந்திட்டியள் அம்மா, வாய்வும் கிடக்கு." ஒரு சேலைன், வாய்வுக் குளிசை, ஒரு முழத்துக்கு இரத்தப் பரிசோதனை. (தைரொயிட் பார்த்ததில் குறை இல்லை, அது பார்க்க வேண்டியதுதான். விற்றமின் டி எதற்கு என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.)

நான் தாதியாக வேலை செய்கிறவள். தம்பி போன் எடுத்தான்: "அக்கா, சேலைன் முடிஞ்சுது. வரேக்க துடிப்பு 188, இப்பவும் 188தான்."

எனக்கு அதுவே போதுமாக இருந்தது. சைனஸ் என்றால் படுத்திருக்க, சேலைன் ஏற, ஆள் ஆறுதலாக, எண்ணிக்கை கொஞ்சமாவது கூடிக் குறையும். இரண்டு மணித்தியாலம் ஒரே இலக்கத்தில் நிற்காது. அதோடு 220இல் வயதைக் கழித்தால் சைனஸ் போகக்கூடிய உச்சம் ஏறக்குறைய வரும், சின்னம்மாவுக்கு 168. கட்டிலில் படுத்திருக்கிற மனுசி அதைத் தாண்டி 188இல் நிற்கிறா என்றால் 'பயம்' என்று எப்படிச் சொல்வது?

வட்சப்பில் படம் அனுப்பச் சொன்னேன். தாள் வழக்கமாக செக்கனுக்கு 25 மில்லிமீற்றர் ஓடும். இரண்டு உயரமான முனைகளுக்கு நடுவில் எத்தனை சின்னக் கட்டம் என்று எண்ணி, 1500ஐ அதால் பிரித்தால் நிமிடத் துடிப்பு. எட்டுக் கட்டம், எல்லா இடமும் எட்டேதான். கியூ.ஆர்.எஸ் (இருதயத்தின் கீழறைகள் அடிக்கிறதைக் காட்டும் அந்த உயரமான முனை) ஒடுக்கம். அதற்கு முன்னால் வர வேண்டிய, மேலறைகளைக் காட்டும் பீ அலை இல்லை, வீ1 என்ற நெஞ்சுக் கோட்டில் கியூ.ஆர்.எஸ்ஸின் வாலோடு ஒட்டி ஒரு சின்னக் கொம்பு மட்டும். எஸ்.வி.ரி, அதாவது கீழறைக்கு மேலே மின்னோட்டம் பிழைத்துத் திடீரென்று ஓடுகிற வேகத் துடிப்பு. இந்த வேகத்தில் கியூ.ஆர்.எஸ்ஸுக்குப் பிறகு வரும் ரீ அலையைப் பீ அலை என்று எடுத்து மெஷின் பிழை விடுவது புதினமில்லை. அதற்குத்தான் ஆள் பார்க்க வேண்டும் என்கிறோம், அதற்குத்தான் காசும் வாங்குகிறார்கள்.

1990க்கு அடிக்கச் சொன்னேன். அந்த அம்புலன்ஸ் இலவசம். அரசாங்க ஆஸ்பத்திரியில் மொனிட்டரில் போட்டுவிட்டு, 10 மில்லிலீற்றர் சிரிஞ்ச் ஒன்றைக் கொடுத்து, தண்டு அசையும் அளவுக்கு 15 செக்கன் ஊதச் சொன்னார்கள். ஊதி முடிந்த கையோடு தலையைத் தட்டையாகச் சாய்த்து, இரண்டு காலையும் தூக்கிப் பிடித்தார்கள். 188 இருந்த இடத்தில் 84. இந்தத் துடிப்பை நிறுத்தப் போடுகிற அடினோசின் ஊசிக்குக்கூட வேலை வரவில்லை. 2015இல் இங்கிலாந்தில் வந்த ஆய்வில், இப்படிக் கால் தூக்கினவர்களில் 43 வீதமானோருக்குத் துடிப்புச் சீரானது. சும்மா ஊதினவர்களில் 17 வீதம். இதை மொனிட்டரும் டொக்டரும் இருக்கிற இடத்தில்தான் செய்ய வேண்டும், வீட்டில் செய்து பார்க்க வேண்டாம்.

சின்னம்மாவுக்கு ஒடுக்கமான கியூ.ஆர்.எஸ். அது மூன்று சின்னக் கட்டத்துக்கு மேல் அகன்று வேகமாக ஓடினால் கதை வேறு: இருதயத்தின் கீழறையில் இருந்து வரும் ஆபத்தான வேகத் துடிப்பு, வி.ரி, என்றே எடுத்துக்கொண்டு பார்க்க வேண்டும். அதற்கு எஸ்.வி.ரிக்குக் கொடுக்கிற வெரபமில் மருந்தை ஏற்றினால் பிறஷர் விழுந்து ஆளே போகலாம். அசையாமல் 150இல் நின்றால் ஏட்ரியல் புளட்டரா (மேலறை மிக வேகமாக அடிப்பது) என்று தேட வேண்டும். உண்மையாகவே சைனஸ்தான் என்றாலும் 'ஒண்டுமில்லை' என்று அனுப்ப ஏலாது. காய்ச்சலா, டெங்குவா, உள்ளே இரத்தம் போகிறதா என்று காரணம் பிடிக்க வேண்டும். நெஞ்சு நோ, மயக்கம், மூச்சு முட்டல் சேர்ந்திருந்தால் சென்டர் பக்கமே போகாமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடுத்த நாள் தம்பி துண்டைக் கேட்கப் போனான். "ரிப்போர்ட் தந்தாச்சுத்தானே, துண்டு எங்கட ஃபைலுக்கு." படபடப்பு நின்ற பிறகு எத்தனை ஈ.சி.ஜி எடுத்தாலும் பெரும்பாலும் சாதாரணமாகவே வரும். ஓடிக்கொண்டிருக்கும்போது எடுத்த அந்தத் தாள்தான் இருதய கிளினிக்கில் சாட்சி. எங்களிடம் போன் படமாவது இருந்தது. வெப்பத்தில் பதிகிற தாளென்றால் நாள் போக மங்கிவிடும், வாங்கினவுடன் படமோ போட்டோக்கொப்பியோ எடுத்து வையுங்கள்.

2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி தனியார் மருத்துவ நிலையங்கள் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு இலக்கத்தையும், வெள்ளைக் கோட்டுக்காரரின் மருத்துவ சபை இலக்கத்தையும் கேட்டிருக்கிறோம், இன்னும் தரவில்லை. பற்றுச்சீட்டோடு முறைப்பாடு எழுதி அனுப்பியாயிற்று. எந்த இடம் என்று இன்பொக்சில் கேட்க வேண்டாம்.