சாவி யாரிடம் இருக்கட்டும்: பக்கத்து வீடா, பெட்டியா?

கீழக்கரையில் எங்கள் தெருவில் பல வீடுகளில் ஆண்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள், வயதானவர்கள் தனியே இருக்கிறார்கள். போன வருடம் எதிர்வீட்டு மாமி குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். வெளியே குரல் மட்டும் கேட்கிறது. மாற்றுச் சாவி வைத்திருந்த பக்கத்து வீட்டு லாத்தாவோ (அக்காவை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) கல்யாணத்துக்கு ஏர்வாடி போயிருந்தார். வாசலில் 108 வண்டி நிற்க, நாங்கள் தேக்குக் கதவோடு மல்லுக்கட்டினோம். கடைசியில் லாத்தா வந்துதான் திறந்தார். அன்றைக்கு மாமி உள்தாழ்ப்பாள் போடாதது நல்லதாகப் போயிற்று.

அப்புறம்தான் சாவிப் பெட்டி, அதாவது மாற்றுச் சாவியை உள்ளே பூட்டி வாசலிலேயே மாட்டி வைக்கும் சின்னப் பெட்டி, தேட ஆரம்பித்தேன்.

அமெரிக்காவில் ‘நாக்ஸ்’ பெட்டி பிரபலம். வாசல் சுவரில் பதிக்கும் தடித்த எஃகுப் பெட்டி அது. அந்த ஊர் தீயணைப்புத் துறையின் சாவிக்குத்தான் திறக்கும். கட்டடக்காரரே நினைத்தாலும் திறக்க முடியாது. ஒரே சாவிக்கு ஊரிலுள்ள எல்லாப் பெட்டியும் திறப்பதுதான் அதன் வசதி, ஆபத்தும் அதுதான். அதனால் அந்தச் சாவியையே வண்டிக்குள் பூட்டி வைத்து, யார் எப்போது எடுத்தார் என்று பதிவு செய்யும் ஏற்பாடும் உண்டு. ராமேஸ்வரம் லாட்ஜுகளுக்கு அருமையாகப் பொருந்தும். ஆனால் துறை சேராமல் நாமாக வாங்கி மாட்டினால் அது சுவருக்கு அலங்காரம்.

வீட்டுக்கு எண் பூட்டுப் பெட்டியே போதும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நான்கு சக்கரம் சுழற்றும் வகையில் 10,000 எண்கள் வரும். பொத்தான் வகையில் பல மாடல்கள் எந்த வரிசையில் அழுத்தினாலும் திறந்துவிடும். பத்துப் பொத்தானில் நான்கு என்றால் மொத்தமே 210 சேர்க்கைதான். பொறுமையுள்ள திருடனுக்கு ஒரு மதியம் போதும். நான் சக்கரத்துக்கே ஓட்டுப் போடுவேன். துபாயிலிருக்கும் மகன் போனிலேயே எண்ணைச் சொல்லிவிடலாம், வேலை முடிந்ததும் மாற்றிவிடலாம். வீட்டு எண்ணையும் பிறந்த வருடத்தையும் மட்டும் வைக்காதீர்கள். கிரில் கேட் பூட்டின் சாவியையும் சேர்த்துப் போடுங்கள், அதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்.

செல்போனில் திறக்கும் பூட்டா? புயல் எச்சரிக்கை வந்து கரண்டும் டவரும் போன ராத்திரியில் அதை நம்ப எனக்குத் தைரியமில்லை.

நம்மூரில் இன்னொரு எதிரி உப்புக்காற்று. ஜன்னல் கம்பியே பொரிந்து உதிர்கிற ஊரில் மலிவான பெட்டியின் சக்கரம் இறுகிப்போவது புதிதல்ல. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று போட்டிருந்தால் மட்டும் போதாது, 316 ரகமா என்று கேளுங்கள்; அதில் சேரும் மாலிப்டினம் உப்பைத் தாங்கும், 304 அந்த அளவுக்குத் தாங்காது. தேங்காய் எண்ணெய் விட்டால் பிசுக்கேறித் தூசி அடையும், பிசுக்கில்லாத டெஃப்லான் (PTFE) ஸ்பிரே நல்லது. மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

அதற்காக லாத்தாவிடமிருந்து சாவியைத் திரும்ப வாங்கிவிடவில்லை. அவர் ஊரில் இருந்தால் எந்தப் பெட்டியைவிடவும் வேகம்.

மாமி வீட்டில் பெட்டி மாட்டியாயிற்று. இனி உள்தாழ்ப்பாளை எடுத்துவிட்டு, வெளியிலிருந்தும் சாவியில் திறக்கிற பூட்டு போடலாம் என்றேன். “தாழ்ப்பாள் போடாம ராத்திரி எப்படிம்மா கண்ண மூடுறது?” என்கிறார். பேச்சு இன்னும் முடியவில்லை.