மேற்கு மெக்டொனலா, கரிஜினியா, கிப் ரிவர் ரோடா? வாடகைக் காரை வைத்து ஓர் அலசல்

ஆஸ்திரேலியாவின் உட்பகுதியில் மலையிடுக்குகள் பார்க்கப் போகலாம் என்று யார் ஆரம்பித்தாலும் பேச்சு கடைசியில் மூன்று இடங்களில் வந்து நிற்கும். ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு மேற்கே மெக்டொனல் மலைத்தொடர், அதோடு சேர்த்து கிங்ஸ் கேன்யன். மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பராவில் கரிஜினி. வடக்கே கிம்பர்லியில் கிப் ரிவர் ரோடு. மெல்பர்னில் இருக்கும் நாங்கள், ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் மாமியாரோடும் பள்ளிக்கூடம் போகும் பையனோடும் போனது மெக்டொனலுக்கு. கரிஜினிக்கு அதற்கு முன்பே நண்பர்களோடு போயிருக்கிறேன். கிப் ரோட்டில் டெர்பி பக்கத்து முனையில் வின்ட்ஜானா இடுக்கு, டனல் கிரீக் குகை வரைதான் பார்த்தது, அதுவும் இன்னொருவர் வண்டி ஓட்ட. அதனால் அந்தச் சாலையைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

அழகை மட்டும் பார்த்து மார்க் போட்டால் கரிஜினிக்குத்தான் முதலிடம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் குடும்பத்தோடு, வாடகைக் காரில் போகிறவர்கள் கேட்டால் மெக்டொனல் என்றுதான் சொல்வேன். காரணம் பெரும்பாலும் சாலை. இன்னொரு காரணம், இந்த இடுக்குகள் உருவான விதம்.

முதலில் அந்த இரண்டாவது விஷயம். மெக்டொனல் ஒரு நீண்ட சிவப்புச் சுவர் மாதிரி கிழக்கு மேற்காக ஓடுகிறது. ஃபிங்க் போன்ற ஆறுகள் அந்தச் சுவரைக் குறுக்கே அறுத்துக்கொண்டு வெளியே வருகின்றன. ஆறு அறுத்த வாசல்தான் இடுக்கு. அதனால் காரை நிறுத்தியதும் சமதளத்திலேயே மணல் ஆற்றுப்படுகை வழியாக நடந்து உள்ளே போய்விடலாம். சிம்ப்சன்ஸ் கேப் அப்படித்தான். ஸ்டாண்ட்லி பிளவும் ஏறக்குறைய அப்படித்தான், என்ன, வழியில் கல் கொஞ்சம் அதிகம். முழங்கால் வலிக்காரரான என் மாமனார் இரண்டையும் கைத்தடியோடு பார்த்துவிட்டார். கரிஜினியில் கதை வேறு. மேலே தட்டையான நிலம், எங்கு பார்த்தாலும் ஸ்பினிஃபெக்ஸ் புல். காலடியில் திடீரென்று தரை பிளந்து பள்ளம். சுமார் 250 கோடி ஆண்டுப் பழமையான இரும்புப் பாறை அடுக்குகளை ஆறு மேலிருந்து கீழாக அறுத்துக்கொண்டே போயிருக்கிறது. சில இடங்களில் 100 மீட்டர் ஆழம். பார்க்க வேண்டியதெல்லாம் கீழே இருக்கிறது, இறங்கினவர் திரும்ப ஏறியாக வேண்டும். மேலேயே நின்றும் பார்க்கலாம். ஆக்ஸர் பார்வை மேடையிலிருந்து நான்கு இடுக்குகள் ஒன்றுகூடும் இடம் தெரியும். ஆனால் அவ்வளவு தூரம் போய் மேலேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு வருவதற்கு மனசு வராது.

இனி சாலை. இதைக் கொஞ்சம் இழுத்தே சொல்ல வேண்டும். ஏனென்றால் பலரும் விமான டிக்கெட் விலையை ஒப்பிட்டுவிட்டு முடிவெடுத்து விடுகிறார்கள். உண்மையில் முடிவெடுக்க வேண்டியது கார் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு.

சாதாரண காருக்குப் பெரும்பாலான வாடகை ஒப்பந்தங்களில் மண்சாலை கூடாது என்று இருக்கும். கூடாது என்றால் போலீஸ் பிடிக்கும் என்பதல்ல. அங்கே ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் இல்லை, முழுச் செலவும் உங்கள் தலையில் என்று அர்த்தம். கூடுதலாகப் பணம் கட்டி எக்ஸஸை, அதாவது சேதமானால் நாம் கட்ட வேண்டிய பங்கைக் குறைத்திருந்தாலும் இதே கதிதான். பயண இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தால், ஒப்பந்தத்தை மீறி ஓட்டியிருந்தால் அவர்களும் பெரும்பாலும் கையை விரிப்பார்கள். சரி, ஃபோர் வீல் டிரைவ் எடுத்துக்கொள்வோம் என்றால் அதிலும் நிபந்தனை. குறிப்பிட்ட சாலைகளுக்கு எழுத்தில் அனுமதி வாங்க வேண்டியிருக்கும். தண்ணீரைக் கடக்கும்போது வரும் சேதம் பெரும்பாலும் கணக்கில் வராது. டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி இவையெல்லாம் பல ஒப்பந்தங்களில் தனி. மண்சாலையில் உடைவது என்னவோ இவைதான்.

இன்னும் இரண்டு விதிகள். ஊர் எல்லைக்கு வெளியே இருட்டிய பிறகு ஓட்டக்கூடாது என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும். அது நியாயமும்கூட. அந்தி நேரத்தில் கங்காருவும் மாடும் சாலைக்கு வரும். இன்னொன்று கிலோமீட்டர் வரம்பு. நகரத்தில் வரம்பில்லாமல் தருகிறவர்களே இந்தப் பக்கம் வந்தால் ஒரு நாளைக்கு இவ்வளவுதான், மேலே போனால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று போடுவதுண்டு. ஆலிஸிலிருந்து மெக்டொனலின் ஆர்மிஸ்டன் இடுக்குக்கு ஒரு வழி 135 கிலோமீட்டர். ஒரே நாளில் போய் வந்தால் 270. தினசரி வாடகை மலிவாகத் தெரிகிற கார் இந்தக் கணக்கில் விலை ஏறிவிடும். நாங்கள் வரம்பில்லாத வண்டியாகத் தேடி, முதலில் பார்த்ததைவிட அதிக வாடகை கொடுத்து எடுத்தோம். கூட்டிப் பார்த்தால் அதுதான் குறைவு.

இந்த அளவுகோலை மூன்று இடங்களின் மீதும் வைத்துப் பாருங்கள். மெக்டொனலில் லாரபின்டா டிரைவ், நமட்ஜிரா டிரைவ் இரண்டும் கிளென் ஹெலன் தாண்டும் வரை தார்ச்சாலை. சிம்ப்சன்ஸ் கேப், ஸ்டாண்ட்லி, ஆர்மிஸ்டன், கிளென் ஹெலன் எல்லாம் சாதாரண காரில் ஆகிவிடும். ரெட்பேங்க், செர்பென்டைன் கிளைப்பாதைகள் மண், அவற்றை விட்டுவிட்டோம். பாம் வேலிக்கு ஃபோர் வீல் இல்லாமல் போகவே முடியாது, அதற்கு ஆலிஸிலிருந்து டூர் வண்டிகள் உண்டு. கிங்ஸ் கேன்யனுக்கு மட்டும் வரைபடம் உங்களை ஏமாற்றப் பார்க்கும். மெரீனி என்ற குறுக்குச்சாலை வழியாகப் போனால் தூரம் வெகுவாகக் குறையும், ஆனால் அது அனுமதிச் சீட்டு வாங்கிப் போகிற மண்சாலை. ஸ்டூவர்ட் நெடுஞ்சாலை, லாசெட்டர் நெடுஞ்சாலை, லுரிட்ஜா ரோடு என்று சுற்றிப் போனால் 470 கிலோமீட்டர் வரும், ஆனால் முழுக்கத் தார். சுற்றிப் போங்கள்.

கரிஜினி இதில் நடுவாந்தரம். டேல்ஸ் இடுக்கு வரை தார்ச்சாலையிலேயே போய்விடலாம். நான் போனபோது வீனோ, ஹான்காக் இடுக்குகள் பக்கம் மண்சாலை இருந்தது. ஹேமர்ஸ்லி இடுக்குக்கும் மண்சாலையில்தான் போனோம். பக்கத்துச் சுரங்க ஊரான பாரபர்டூவில் விமானத்தில் இறங்கி அங்கேயே கார் எடுக்கலாம், ஆனால் சுரங்கக் கம்பெனி ஆட்களை நம்பி நடக்கிற சந்தை அது. விலையும் அப்படித்தான்.

கிப் ரிவர் ரோடு இந்தத் தேர்வில் ஒட்டுமொத்தமாக ஃபெயில். டெர்பியிலிருந்து கனனரா பக்கம் வரை சுமார் 660 கிலோமீட்டர், மாடுகளை ஓட்டிச் செல்லப் போட்ட பாதை, பெரும்பகுதி இன்னும் மண். கூரான கல்லில் டயர் கிழிவது அங்கே சகஜம். இரண்டு ஸ்டெப்னி இல்லாமல் கிளம்பாதே என்று எங்களை அழைத்துப் போனவர் திரும்பத் திரும்பச் சொன்னார். மழைக்காலத்தில் சாலையே மூடிவிடும், மே முதல் அக்டோபர் வரைதான் பருவம். இத்தனைக்கும் வின்ட்ஜானா என்னை அசத்திவிட்டது. ஒரு காலத்தில் கடலுக்கடியில் பவளத்திட்டாக இருந்த சுண்ணாம்புப் பாறை இப்போது சுவராக நிற்கிறது. அடியில் மணல்திட்டில் நன்னீர் முதலைகள் வெயில் காய்கின்றன. டனல் கிரீக் குகைக்குள் டார்ச்சோடு முழங்கால் தண்ணீரில் நடக்க வேண்டும். குடியேறிகளை எதிர்த்துப் போராடிய புனுபா பூர்வகுடி வீரர் ஜந்தமாரா 1897-இல் சுட்டுக் கொல்லப்பட்டது அங்கேதான். நாங்கள் பார்க்காத பெல், மேனிங், எம்மா இடுக்குகள் இதைவிட நன்றாக இருக்கும் என்று போய் வந்தவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம்.

மெக்டொனலில் ஒரே ஒரு நாள்தான் கையில் இருந்தால் ஆர்மிஸ்டனுக்குக் கொடுங்கள். நிறுத்துமிடத்திலிருந்து சில நிமிட நடையில் பெரிய நீர்நிலை. பெரியவர்கள் கரையில் உட்கார்ந்துகொள்ளலாம், மற்றவர்கள் கோஸ்ட் கம் பார்வை மேடை வரை ஏறி, இடுக்குக்குள் இறங்கி, படுகை வழியே திரும்பலாம். ஸ்டாண்ட்லிக்கு நடுப்பகலில் போக வேண்டும். அப்போதுதான் சூரியன் நேர் மேலே வந்து இரண்டு சுவர்களும் ஒளிரும். அது பூர்வகுடியினருக்குச் சொந்தமான இடம், தனி நுழைவுக் கட்டணம் உண்டு. மற்றவற்றுக்கு வெளிமாநிலத்தவர் பூங்கா பாஸ் எடுக்க வேண்டும். கிங்ஸ் கேன்யன் விளிம்பு நடை 6 கிலோமீட்டர், ஆரம்பத்திலேயே செங்குத்தாக 500 படி. மாமனார் மாமியார் கீழே ஓடைப் பாதையோடு நிறுத்திக்கொண்டார்கள். 36 டிகிரியோ அதற்கு மேலோ போகும் என்று முன்னறிவிப்பு இருந்தால் காலை 9 மணிக்குள் ஏறத் தொடங்கியாக வேண்டும், அதன் பிறகு விடமாட்டார்கள்.

தண்ணீரில் இறங்கும் ஆசை இருந்தால் ஒன்று. மெக்டொனலின் எல்லரி கிரீக் ஆனாலும் கரிஜினியின் குளங்கள் ஆனாலும், வெயில் படாத ஆழமான தண்ணீர் கோடையிலும் உடம்பை விறைக்க வைக்கும். ஜூன், ஜூலையில் ஆலிஸில் இரவு பூஜ்யத்துக்கும் கீழே போகும், ஸ்வெட்டர் கட்டாயம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மூன்று இடத்துக்குமே போகாதீர்கள். கரிஜினியில் மழை வேறு இடத்தில் பெய்தாலும் இடுக்குக்குள் திடீர் வெள்ளம் வரும். 2004-இல் அப்படி ஒரு மீட்புப் பணியில் தன்னார்வலர் ஒருவர் உயிரிழந்தார். அங்கே ஒரு குளத்துக்கு அவர் பெயர்.

பெர்த்தில் சொந்தமாக உயரமான வண்டி வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன வாடகைக் கணக்கு எதுவும் பொருந்தாது. கால் வலி இல்லாத கூட்டமாகவும் இருந்தால் நேராகக் கரிஜினிக்கே போங்கள். 1,400 கிலோமீட்டர், வழியில் ஓரிரவு தங்கிவிட வேண்டும். ஹான்காக் இடுக்கில் ஸ்பைடர் வாக் என்றொரு சந்து உண்டு. இரண்டு பக்கச் சுவரிலும் கையும் காலும் ஊன்றித்தான் கடக்க வேண்டும். பழைய செருப்போடு போகாதீர்கள், பிடிப்புள்ள ஷூ வேண்டும். பெட்ரோலும் மளிகையும் பக்கத்து ஊரான டாம் பிரைஸிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள்.